ஆணி அடிக்கக் கூடாது

ஜன்னலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவள் புருஷனிடம் வேலை பார்த்த ஆட்கள். புருஷன் வீடு தூக்கும் மேஸ்திரி. வீடு கட்டும் மேஸ்திரிகள் எங்கும் இருக்கிறார்கள். இவர் அந்த ரகம் இல்லை. யாரோ எப்போதோ கட்டிய வீட்டை அஸ்திவாரத்திலிருந்து அறுத்து, ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கி, அடியில் இரும்பு உத்தரம் கொடுத்து, சக்கரம் பூட்டி, வேறொரு இடத்தில் கொண்டுபோய் இறக்கி வைக்கிறவர். சாலையை அகலப்படுத்த வேண்டும், குறுக்கே ஒரு பழைய மாளிகை நிற்கிறது, இடித்தால் ஊர் திட்டும் என்ற நிலைமை வந்தால் இவரைத் தேடித்தான் ஆள் வரும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர், விரிசல் விடாது என்று அவ்வளவு நம்பிக்கை இருந்தால் உன் பெண்டாட்டியை உள்ளே உட்கார வைத்துக் கொண்டு போ என்று குத்தலாகச் சொன்னார். மேஸ்திரிக்குக் குத்தல் புரியாது. வீட்டுக்குப் போய், புதுப்பெண்ணைக் கையோடு கூட்டிவந்து, முன்னறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். கையில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர். வீடு மூன்று தெரு தாண்டிப் போய் இறங்கியது. டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை என்று ஊரே பேசிற்று. உண்மை என்னவென்றால், வண்டி கிளம்பும் முன்பே பயத்தில் தொண்டை வறண்டு அவள் இரண்டு மடக்கு குடித்திருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மேஸ்திரி எந்த வீட்டைத் தூக்கினாலும் ஜன்னலில் அவள் உண்டு, கையில் டம்ளர் உண்டு, முதல் இரண்டு மடக்கும் உண்டு. ஆமைகூட முந்திக்கொண்டு போகும் வேகத்தில் வீடு நகரும். தெருவில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சும்மா எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருப்பது? அவள் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மடியில் முறத்தைப் போட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவாள். டாக்டர் வீடு, தபால் ஆபீஸ், ஒரு பழைய நீதிமன்றம் என்று அவள் உட்கார்ந்து போகாத கட்டடம் இல்லை. நீதிபதியே நாலு வருஷம்தான் அந்த அறையில் உட்கார்ந்தார் என்பார்கள். இவள் அதில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியே வந்தாள்.

அத்தனை வீட்டிலும் அவள் பார்த்தது ஒன்றைத்தான். சுவரை. எந்தச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் சரியாக விழும் என்று. மாட்ட வேண்டியது அவர்களுடைய கல்யாணப் படம். ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி, நாற்காலியில் அவள், நாற்காலி முதுகில் கை வைத்தபடி, ஸ்டுடியோக்காரரின் கோட்டில், முறுக்கிய மீசையோடு மேஸ்திரி. கோட்டு ஒரு சுற்று பெரிசு. மீசை அவருடையதுதான், அப்போது. அந்தப் படம் கண்ணாடி போட்ட நாளிலிருந்து பழைய போர்வையில் சுற்றியபடியே கிடக்கிறது. ஏன் என்றால் அவர்கள் இருந்ததெல்லாம் வாடகை வீடு.

வீட்டு உரிமையாளர்களில் நல்லவர், பொல்லாதவர், காது கேட்காதவர் என்று எல்லா வகையும் அவள் பார்த்துவிட்டாள். தண்ணீர் விடும் நேரத்தில் மாறுபடுவார்கள், விருந்தாளிகள் விஷயத்தில் மாறுபடுவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். "எது வேணா பண்ணிக்குங்க, ஆணி மட்டும் அடிக்காதீங்க." ஒருவர் மாதம் பிறந்தால் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார், ஏதோ அவர் பெற்ற பிள்ளையை இவர்களிடம் விட்டுவைத்த மாதிரி. படம் கட்டிலுக்கடியில் இருந்தது, பீரோ மேல் இருந்தது, கொஞ்ச காலம் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது, கடைசியில் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. ஈரம் பட்டு ஒரு மூலை பழுப்பாகிவிட்டது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு, கொடும்மா, என் வீட்டில் மாட்டி வைக்கிறேன் என்றாள். ஜன்னலக்கா கொடுக்கவில்லை. மாப்பிள்ளை அடிக்கும் ஆணியில் தான் தொங்குவதா என்று நினைத்தாளோ என்னவோ.

மேஸ்திரியைக் கேட்டால், எவனாவது வேண்டாமென்று விடுகிற வீட்டை உனக்குத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறேன் என்பார். அதில் பொய் இல்லை. வீடு கிடைக்கும், வைக்க மண்? அதை அவர் யோசித்ததில்லை. தூக்குகிறவர்களுக்கு இறக்குவதைப் பற்றிய கவலை எப்போதும் கொஞ்சம் குறைவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பெரியவர் இல்லம் வந்தது.

அந்த ஊருக்கென்று ஒரே ஒரு பெரியவர் இருந்தார். அவர் என்ன செய்தார் என்பதில் ஊருக்குள் மூன்று கட்சி. ஆனால் அவர் பெரியவர் என்பதில் மட்டும் ஒரே கட்சி. ஊர் வழியாக எங்கோ போனவர், காய்ச்சல் கண்டு, கடைத்தெருவில் ஒரு வீட்டில் படுத்துக் கிடந்து, குணமாகிக் கிளம்பிப் போனாராம். ஊருக்கும் சரித்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் அந்தக் காய்ச்சல் ஒன்றுதான். அதை விட மனசில்லாமல் நினைவுக் குழு ஒன்று அமைத்து, ஊர் எல்லையில் பூங்கா போட்டு, நடுவில் சிலையும் வைத்தார்கள். பெரியவர் எப்படி இருப்பார் என்று காட்ட ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. குழுத் தலைவர், இந்தச் சாயலில்தான் இருந்திருப்பார் என்று தன் அப்பாவின் படத்தைச் சிற்பியிடம் கொடுத்தார். சிலை அச்சு அசலாகத் தலைவரின் அப்பாவாகவே வந்தது. கடைத்தெருவை அகலப்படுத்த ஆரம்பித்ததும், காய்ச்சல் வீட்டைப் பூங்காவுக்கே கொண்டுபோய்விடுவதென்று முடிவாயிற்று.

மேஸ்திரி தூக்கியதில் இது கனமான வீடு. இரண்டே அறை, ஆனால் சுவர் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர் மாதிரி அகலம். அவர் கிளம்பும் முன் எப்போதும் போலக் கயிறு பிடித்து வழி முழுக்க அளந்து, மின்கம்பிகளை ஒதுக்கச் சொல்லி, ஒரு மரக்கிளையை வெட்டச் சொல்லி எல்லாம் சரிபார்த்துவிட்டார். ஜன்னலக்கா டம்ளரோடு உட்கார்ந்தாள், இரண்டு மடக்கு குடித்தாள், வெங்காயம் உரித்தாள். பூங்கா வாசல்வரை ஒரு குறையும் இல்லை. வாசலில் ஒரு புது வளைவு நின்றது.

அளந்து போனபோது அது கிடையாது. பெரியவர் இல்லத்தை வரவேற்கவென்று தலைவர் தன் அப்பா பெயரில், கான்கிரீட்டில், இரவு பகலாக எழுப்பி, முந்தின வாரம்தான் ஒரு பெரிய மனிதரை அழைத்துவந்து ரிப்பன் வெட்டித் திறந்து வைத்த வளைவு. மேஸ்திரியிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆச்சரியம் போய்விடும் அல்லவா. வீட்டின் அகலத்தைக் கேட்டுத்தான் கட்டினோம் என்று குழுச் செயலாளர் சத்தியம் செய்தார். அதுவும் உண்மை. அவரே நேரில் போய் டேப்பை வைத்து அளந்திருக்கிறார். வீட்டுக்குள்ளே நின்று, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். சுவருக்கும் பருமன் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. வளைவுக்குள் நுழைய முடிந்தது பெரியவர் வீட்டுக் காற்று மட்டும்தான்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். வளைவை இடிக்கலாமா என்றால் அதில் தலைவரின் அப்பா பெயர் இருந்தது. வீட்டின் ஓரத்தைச் செதுக்கலாமா என்றால் சரித்திரத்தைச் செதுக்குவதா என்று மூன்று கட்சியும் ஒன்றாக எழுந்தன. பூங்காச் சுவரை வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போகலாமா என்றால் சுவரில் முழத்துக்கு முழம் ஒரு நன்கொடையாளர் பெயர். பெயர் இல்லாத இடம் ஒன்று இருந்தது; அதற்கு வெளியே சாக்கடை. மேஸ்திரி, வளைவையே ஜாக்கி வைத்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன் என்றார். அவருக்கு எதைக் கண்டாலும் தூக்க வேண்டும். தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். திறந்து வைத்த ஒன்றை அசைத்தால், திறந்து வைத்தது தப்பு என்று ஆகிவிடாதா? கடைசியில் வீடு தற்காலிகமாக வாசலிலேயே நிற்கட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. உள்ளே வீட்டுக்கென்று போட்டு வைத்திருந்த வெறும் அஸ்திவாரத்தை, குறித்த தேதி தவறாமல், திறப்பு விழா நடத்தித் திறந்தார்கள்.

வீடு இரும்பு உத்தரத்தின் மேல், ஆள் உயரத்தில், சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. தினமும் காலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, எந்தப் பக்கமாவது இறங்கியிருந்தால் ஜாக்கியைத் திருக வேண்டும். விட்டுவிட்டுப் போக முடியாது. அதே சமயத்தில் அவர்கள் இருந்த வாடகை அறையை உரிமையாளர் தன் மகனுக்கென்று கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி, நாலு நாள் இங்கேயே படுத்துக்கொள்வோம் என்றார். ஜன்னலக்கா ஏணி வைத்து டிரங்குப் பெட்டியை ஏற்றினாள். அந்த நாலு நாள் மழைக்காலத்தையும் தாண்டி நீண்டது.

தெரு சீக்கிரம் பழகிக்கொண்டது. பேருந்துகள் வீட்டைச் சுற்றித் திரும்பின. டீக்கடைக்காரர் வீட்டின் அடி நிழலில் பெஞ்சு போட்டார். போக்குவரத்துக் காவலர் வெயில் ஏறினால் சமையலறைக்கு நேர் கீழே போய் நின்றுகொள்வார். தாளிக்கும் வாசனையை வைத்து மணி சொல்வார். வழி கேட்கிறவர்களுக்கு, வீட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பு என்றார்கள், ஏதோ மற்றதெல்லாம் வீடு இல்லை என்பது போல. பூங்கா பார்க்க வந்த கூட்டம் வெளியிலேயே வீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிப் போயிற்று. உள்ளே தலைவரின் அப்பா தனியாக நின்றார்.

ஜன்னலக்காவுக்கோ உள்ளுக்குள் கொள்ளாத சந்தோஷம். அவள் அதுவரை உட்கார்ந்து போன வீடுகளில் எதிலும் அடுப்பு பற்றவைத்ததில்லை. இந்த வீட்டில் எந்தப் பலகையை மிதித்தால் முனகும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. தண்ணீர் விடும் நேரம் சொல்ல ஆள் இல்லை. சுவர் தடவ யாரும் வரவில்லை. ஒரு நாள் மதியம், முன்னறை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்த அழகைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தாள். புருஷனிடம் சுத்தியல் கேட்டாள்.

மேஸ்திரி பதறிப்போனார். இது பாதுகாக்கப்பட்ட வீடு, ஒரு கீறல் விழுந்தாலும் குற்றம், ஆணியாவது அடிப்பதாவது என்றார். வீட்டையே வேரோடு பிடுங்கிச் சக்கரத்தில் ஏற்றிய மனிதர் ஒரு ஆணிக்குப் பயந்தார். வாடகை வீட்டுப் பழக்கம் அப்படி.

ஜன்னலக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"ஏங்க, கல்யாணம் ஆன மறுமாசமே என்னக் கொண்டுபோய் ஊரான் வீட்டு ஜன்னல்ல உட்கார வச்சீங்க. விழுந்தா நான்தான் முதல்ல விழணும்னு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? எத்தனை வீட்டுல உட்கார்ந்திருக்கேன். ஒரு வீடாவது எறங்குனதுக்கப்புறம் என்னை உள்ள இருன்னு சொல்லிச்சா? ஒரே ஒரு ஆணிங்க. அதுக்குமேல நான் எதுவும் கேட்கல."

மேஸ்திரி எழுந்து வெளியே போய், ஜாக்கிக்கு அடியில் கொடுக்கும் பழைய மரக்கட்டைகளில் ஒன்றிலிருந்து, துருப்பிடித்த சதுரத் தலை ஆணி ஒன்றைப் பிடுங்கி எடுத்துவந்து சுத்தியலோடு அவள் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார், பார்க்காவிட்டால் குற்றத்தில் பங்கில்லை என்பதுபோல. அவளே அடித்தாள். முதல் அடி விரலில் விழுந்தது. அதற்கப்புறம் தப்பவில்லை. படத்தை மாட்டியதும் மேஸ்திரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ரசமட்டத்தைக் கொண்டுவந்து சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து, இடது பக்கம் ஒரு நூல் அளவு ஏற்று என்றார். இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். தன் முகம் இவ்வளவு சின்னப் பெண்ணின் முகமாக இருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று முழுவதும் ஏதாவது சாக்கு வைத்து முன்னறைக்குப் போய்ப் போய் வந்தாள்.

கண்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் தொல்பொருள் நிபுணர் ஒருவர் வந்தார். வீடு வெயிலிலும் மழையிலும் நிற்கிறதே, இருக்கிற நிலையில் எல்லாவற்றையும் படம் பிடித்து வைப்போம் என்று மேலிடத்தில் அனுப்பியிருந்தார்கள். ஜன்னலக்கா காய்கறி வாங்கப் போயிருந்தாள். நிபுணர் பாத்திரங்களை ஒதுக்கச் சொன்னார், பாயைச் சுருட்டச் சொன்னார், முன்னறைக்கு வந்து நின்றவர் நின்றபடியே நின்றுவிட்டார். பழுப்பேறிய படம். கோட்டு போட்ட, முறுக்கு மீசை மனிதர். பக்கத்தில் மனைவி. பூதக்கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்து ஆணியைப் பார்த்தார். கையால் அடித்த சதுரத் தலை, அந்தக் காலத்து வேலை என்றார். இந்தப் படம் இந்த வீட்டில் இருந்ததா என்று மேஸ்திரியைக் கேட்டார். வழுக்கையும் தொப்பையுமாக எதிரில் நின்ற மேஸ்திரி, ஆணி அடித்த குற்றம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லாமல், வீட்டில் இருந்ததுதான் சார் என்றார். அவர் வரையில் அதில் பொய் இல்லை.

மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் மேஸ்திரியின் மீசை. பெரியவரின் ஒரே படம் கிடைத்துவிட்டது. மூன்று கட்சிக்காரர்களும் அவரவர் பெரியவரை அந்த முகத்தில் கண்டுகொண்டார்கள். தீர்க்கமான கண், தியாக வதனம் என்று எழுதினார்கள். கோட்டு தொளதொளவென்று இருப்பதுகூட எளிமைக்கு அடையாளமாயிற்று. சிலைக்கும் படத்துக்கும் சாயலே இல்லையே என்று யாரோ கேட்டதற்குத் தலைவர், படம் காய்ச்சலில் மெலிந்தபோது எடுத்தது என்றார்.

கேட்டவுடன் ஜன்னலக்கா முதலில் சிரித்தாள். பிறகு, படத்தை யாரும் தொடக் கூடாது என்று காவலுக்கு ஆள் போட்டதும் சிரிப்பு நின்றது. வாருங்கள், போய்ச் சொல்லிவிடுவோம் என்றாள். மேஸ்திரி வர மாட்டேன் என்றார். உனக்கென்ன, ஆணி அடித்தது யார் என்று கேட்டால் நான் யாரைக் காட்டுவேன் என்றார். அவள் தனியாகவே தலைவர் வீட்டுக்குப் போனாள்.

தலைவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த விதம் படத்தில் உட்கார்ந்திருந்த அதே விதம்தான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது.

"அம்மா, இத்தனை வருஷமா இந்த ஊருக்கு முகம் இல்லாம இருந்துச்சு," என்றார். "இப்பதான் ஒண்ணு கெடைச்சிருக்கு."

"அது எங்க முகம்ங்கய்யா. படத்த மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க. நாங்க பேசாம போயிடுறோம்."

"கழட்ட முடியாதே. நிபுணர் பதிவு பண்ணிட்டாரு. இனிமே அந்த வீட்டுல எதையும் அசைக்கக் கூடாது."

"வீட்டையே அசைச்சுக் கொண்டு வந்தோமே."

"வீட்ட நகர்த்த அனுமதி இருக்கும்மா. ஆணிய நகர்த்த இல்ல." அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "அப்புறம், அந்த ஆணிய யாரு அடிச்சாங்கன்னு நான் கேட்கல. கேட்க வைக்காதீங்க."

அவள் எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் ஆத்திரம். அந்த மனிதர் தன் அப்பாவின் முகத்தைச் சிலையில் வைத்தார், அப்பாவின் பெயரை வளைவில் வைத்தார். தான் ஒரு சுவரில் ஒரு படம் மாட்டியதற்கு, அந்தப் படமே இல்லாமல் ஆகிவிட்டது. டீக்கடையைத் தாண்டி நேராக வந்து ஏணியில் ஏறினாள்.

படம் கிடைத்த பிறகு வீட்டை வெயிலில் நிறுத்தி வைப்பது பெரியவருக்கே அவமானம் என்று கூட்டத்தில் எல்லோரும் கொதித்தார்கள். முதலில் கொதித்தவர் தலைவர். வளைவைத் தூக்கி ஓரமாக வைத்து, வீட்டை உள்ளே விட்டு, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும் யோசனை தனக்கு இரவோடு இரவாக உதித்ததாகச் சொன்னார், கைதட்டினார்கள். மேஸ்திரி சந்தோஷமாக ஜாக்கிகளுக்கு எண்ணெய் போட்டார். வளைவுக்கு ஜன்னல் இல்லாததால் அதில் உட்கார்ந்து போகும் வேலை ஜன்னலக்காவுக்கு மிச்சமாயிற்று.

வீடு உள்ளே போகும் நாளில் அவள் உட்கார வேண்டியிருந்தது. ஊர் எதிர்பார்த்தது. பாத்திரங்களை இறக்கிவிட்டாள், டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டாள். பெட்டி இம்முறை லேசாக இருந்தது. படத்துக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அவள் போட்ட ஆணிதான் அவளுடைய வீட்டை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாட்டாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் இன்னும் எத்தனை மழைக்காலம் வாசலில் இருந்திருக்கலாமோ. கையில் டம்ளர் அப்படியே தளும்பிக்கொண்டு இருந்தது. இரண்டு மடக்கு குடிக்க மறந்துபோனாள். வளைவு இருந்த இடத்தைத் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. சொல்லிச் சமாளிக்க அன்றைக்கு மடியில் வெங்காயம்கூட இல்லை. தண்ணீர் முதல்முறையாகச் சிந்தியது. கீழே நின்றவர்கள் பெரியவரை நினைத்து அழுகிறாள் என்று எண்ணிக் கும்பிட்டார்கள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் மகள் வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் ஜன்னலக்கா பெரிய துணிப்பை ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். எதற்குப் பை என்று கேட்க வேண்டியதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு, தன் சமையலறை வழியாக, வரிசையில் நின்று உள்ளே போனாள். முனகும் பலகை இன்னும் முனகிற்று. படத்துக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். வழிகாட்டிப் பெண் ஒருத்தி கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: இது பெரியவர், இது அவருடைய துணைவியார், இந்த ஆணி பெரியவர் காய்ச்சல் தெளிந்து எழுந்ததும் தம் கையால் அடித்தது.

"அவரு அடிக்கல," என்றாள் ஜன்னலக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அந்தம்மாதான் அடிச்சாங்க."

வழிகாட்டி நல்ல பெண். அப்படியும் ஒரு கருத்து இருக்கலாம்மா, ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றாள். ஜன்னலக்கா அதற்குள் வேறு யோசனைக்குப் போயிருந்தாள்.

"ஏம்மா, இந்தப் படத்த எப்பவாவது கழட்டுவாங்களா?"

"மாட்டாங்கம்மா. வீடு இருக்குற வரைக்கும் அது இங்கதான் இருக்கும்."

"யாராச்சும் வந்து, ஆணி அடிச்சிருக்கீங்களேன்னு பிடுங்கச் சொன்னா?"

"யாருமே சொல்ல முடியாது. அந்த ஆணிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு."

ஜன்னலக்கா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். மதிய வெளிச்சம் அவள் பார்த்துவைத்த இடத்தில் சரியாக விழுந்திருந்தது. பையை இடுப்பிலிருந்து எடுத்து, வரும் வழியில் அதில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த மாதமே மேஸ்திரி ஒரு வாடகை வீடு பார்த்தார். உரிமையாளர் ஒரு விதவை அம்மாள், கறார் பேர்வழி. தண்ணீர் விடும் நேரம் சொன்னாள், விருந்தாளிகளைப் பற்றிச் சொன்னாள், சுவரைத் தட்டிக்காட்டி ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்றாள். மேஸ்திரி வழக்கம்போலத் தலையாட்டினார்.

"அடிக்க மாட்டோம்மா," என்றாள் ஜன்னலக்கா. "எங்க படம் வேற வீட்டுல மாட்டியிருக்கு."

அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினாள். "சொந்த வீடா?"

"சொந்த வீடுன்னு சொல்ல முடியாது. ஆனா காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."